இரவை அளக்கும் சீனித்துளசி

ஆண்டிலேயே நீளமான பகல் ஜூன் 21 வாக்கில் வருகிறது. அன்றுகூட சென்னை ராயபுரத்தில் சூரியன் உதித்து மறைய 12 மணி 53 நிமிடம்தான். டிசம்பர் 21 வாக்கில் அது 11 மணி 22 நிமிடமாகச் சுருங்கிவிடும். இந்த ஒன்றரை மணி நேரம் நமக்கு ஒரு பொருட்டே இல்லை. மொட்டைமாடித் தொட்டியில் நிற்கும் சீனித்துளசிக்கோ அதுதான் தலையெழுத்து.

சீனித்துளசி என்கிற ஸ்டீவியாவுக்குப் பூர்வீகம் பராகுவே நாட்டின் அமாம்பாய் மலைப்பகுதி. அங்குள்ள குவாரனி மக்கள் காலங்காலமாக மாத்தே பானத்தில் இந்த இலையைப் போட்டுக் குடித்தவர்கள். 1899-ல் மொய்சேஸ் பெர்டோனி இதைத் தாவரவியல் உலகுக்கு விவரித்தார். 1931-ல் இலையிலிருந்து ஸ்டீவியோசைடு பிரிக்கப்பட்டது. சர்க்கரையைப் போல 250 முதல் 300 மடங்கு இனிப்பு. ஜிப்பெரெல்லின் என்கிற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் அதே வேதிப் பாதையில் பாதி தூரம் போய், அங்கிருந்து கிளை பிரிந்துதான் செடி இந்த இனிப்பைச் செய்கிறது.

இனிப்பு பெரும்பாலும் இலையில்தான். மொட்டு விடும் நேரத்தில் அது உச்சத்தைத் தொடும். வெள்ளையாகப் பொடிப்பொடியாய்ப் பூத்துவிட்டால் புது இலை வருவது நின்றுபோகும், அடியிலைகள் காயும், இனிப்பும் இறங்கும். எனவே விளைச்சல் என்பது பூ எத்தனை நாள் தாமதிக்கிறது என்பதைப் பொறுத்தது.

பூப்பதை முடிவுசெய்வது பகலின் நீளம். ரகத்துக்கு ரகம் மாறினாலும், பகல் சுமார் 13 மணி நேரத்துக்குக் கீழே போனால் சீனித்துளசி பூக்கத் தயாராகிவிடும். சென்னையில் 13 மணி நேரப் பகல் ஒருநாளும் கிடையாது! இமாசலத்தின் பாலம்பூரில் ஜூன் மாதப் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும். அங்கே செடி நிதானமாகத் தழைக்கும். இங்கே முழங்கால் உயரம் வருவதற்குள் மொட்டு கட்டிவிடும்.

பகல் என்று சொன்னாலும் செடி உண்மையில் அளப்பது இருட்டை. இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தில் ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டில் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும். நீண்ட இருட்டு தடையில்லாமல் கிடைத்தால் 'பூக்கலாம்' என்ற சேதி இலையிலிருந்து நுனிக்குப் போகும். நடுராத்திரியில் கொஞ்ச நேரம் சிவப்பு வெளிச்சம் பட்டாலே கணக்கு கலைந்துவிடும். ஒசூர்ப் பசுமைக்குடில்களில் செவ்வந்திக்கு இரவில் பல்பு எரிப்பது இதற்காகத்தான். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் சீனித்துளசிக்கே இப்படிச் சிவப்பு எல்இடி காட்டி, இனிப்புச் சேர்மங்களைக் கூட்டிக் காட்டினார்கள்.

வடசென்னையில் இருட்டு எங்கே இருக்கிறது? துறைமுகத்து உயர்கோபுர விளக்குகள், மணலி ஆலைகள், காசிமேட்டில் விடியுமுன்பே களைகட்டும் மீன் ஏலம். தெருவிளக்கை ஒட்டிய வயல்களில் சோயா முதிர்வது தாமதமாவதை அமெரிக்க விவசாயிகள் கண்கூடாகப் பார்த்திருக்கிறார்கள். விளக்கு போதிய அருகில் இருந்தால் திருவொற்றியூர் மாடிச் செடியும் ஏமாறக்கூடும்.

விளக்கை நம்பாதவர்களுக்கு நடும் காலம்தான் ஆயுதம். தை கடைசியிலோ மாசியிலோ நட்டால், கத்திரி வெயில் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். நீளும் பகல் முழுவதும் இலைக்கு ஆகும். புரட்டாசியில் நட்டால் பகல் குறைந்துகொண்டே போகும், போதாக்குறைக்கு ஐப்பசி அடைமழை. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். விதை சரியாக முளைக்காது, நுனித் தண்டை வெட்டி நடுவதே வழி. கடலோர போர் தண்ணீரின் உப்பும் ஆகாது. மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறிய பகுதி இது. மெட்ரோ தண்ணீரோ, பிடித்துவைத்த மழைநீரோ ஊற்றுங்கள். முதல் மொட்டு தெரிந்ததும் அடியில் 10 செ.மீ. விட்டு அறுத்துவிட்டால் மறுபடி தழைக்கும்.

மாசியில் ஒரே செடியின் தண்டுகளை இரண்டு தொட்டிகளில் நடுங்கள். பகலில் இரண்டுக்கும் ஒரே வெயில் படட்டும். பொழுது சாய்ந்ததும் ஒன்றைத் தெருவிளக்குக்கு நேராகவும் மற்றதைத் தண்ணீர்த் தொட்டியின் மறைவிலும் நகர்த்திவையுங்கள். எது முதலில் மொட்டு விடுகிறது என்று தேதியோடு குறித்துவையுங்கள்.