அங்கன்வாடியில் ஒரு பிள்ளைக்கு இருமல்!
அடுத்த பிள்ளைக்குப் பரவாமல் தடுப்பது எப்படி?

வடசென்னையில் உள்ள கொடுங்கையூர், உழைப்பாளிகள் நிறைந்த ஊர். கண்ணதாசன் நகர், முத்தமிழ் நகர், எழில் நகர் என்று எங்கு பார்த்தாலும் நெருக்கமான வீடுகள்.

பொழுது விடிந்தால் தந்தை ஒரு பக்கம் வேலைக்குப் போவார். தாய் ஒரு பக்கம் வேலைக்குப் போவார். வீட்டில் உள்ள சிறு பிள்ளையை யார் பார்ப்பது?

அங்கன்வாடிதான் பார்க்கிறது!

1975-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 2-ந் தேதி, காந்தி பிறந்த நாளில், மத்திய அரசாங்கம் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பிறந்தவைதான் அங்கன்வாடிகள். "பால்வாடி" என்று சொன்னால் பாட்டிமாருக்கும் புரியும். பாட்டு, விளையாட்டு, மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் அங்கே உண்டு.

ஆனால், அங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறையில் இருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறார்கள். ஒரே பொம்மையை மாற்றி மாற்றி வாயில் வைக்கிறார்கள். ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால், மற்றப் பிள்ளைகளுக்கும் சுலபமாக வந்துவிடுகிறது.

தாயின் சங்கடம்

இரவு பிள்ளைக்குக் காய்ச்சல். காலையில் வேலைக்குப் போக வேண்டும். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். தாய் என்ன செய்வார்? காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றுவார். உடம்புச் சூடு தணியும். பிள்ளையை அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடுவார்.

அந்தத் தாயைக் குறை சொல்லிப் பயன் இல்லை. ஆனால் ஒன்றை அவர் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து சூட்டைத்தான் தணிக்கிறது. நோய்க் கிருமி உடம்பிலேயே இருக்கிறது. சில மணி நேரத்தில் மருந்தின் வேகம் குறையும். மறுபடியும் காய்ச்சல் ஏறும். அதற்குள் அந்தப் பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடி, சேர்ந்து சாப்பிட்டும் இருக்கும்.

கிருமி பயணம் செய்யும் வழி

இருமும்போதும் தும்மும்போதும் கண்ணுக்குத் தெரியாத எச்சில் துளிகள் பறக்கின்றன. பக்கத்தில் இருப்பவர் அதைச் சுவாசிக்கிறார். மூக்கைத் துடைத்த கை பொம்மையைத் தொடுகிறது. அந்தப் பொம்மை அடுத்த பிள்ளையின் கைக்குப் போகிறது. அந்தக் கை வாய்க்குப் போகிறது.

தட்டம்மை இன்னும் பொல்லாதது. நோய் வந்த பிள்ளை அறையை விட்டுப் போன பிறகும், 2 மணி நேரம் வரை அந்தக் கிருமி காற்றில் இருக்கும். தடுப்பு ஊசி போடாதவர்கள் நடுவே, ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குக் கொடுத்துவிடக் கூடும். உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே அது பரவத் தொடங்கிவிடும்.

யார் வரலாம்? யார் வரக்கூடாது?

சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொரு சளிக்கும் வீட்டில் நிறுத்தினால் கட்டுபடி ஆகாது. பிள்ளைக்கு முட்டையும் போகும், தாய்க்குக் கூலியும் போகும்.

மூக்கு மட்டும் ஒழுகுகிறது, காய்ச்சல் இல்லை, பிள்ளை ஓடி விளையாடுகிறது என்றால் அனுப்பலாம்.

காய்ச்சல் இருந்தால் அனுப்பக்கூடாது. மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்த பிறகு அனுப்பலாம்.

தட்டம்மை கண்டால், தடிப்பு தோன்றிய நாளில் இருந்து 4 நாள் வீட்டில் வைக்க வேண்டும். கக்குவான் இருமல் என்று டாக்டர் சொன்னால், அதற்கான மருந்தை 5 நாள் சாப்பிட்டு முடித்த பிறகே அனுப்ப வேண்டும்.

சோப்பு செய்த அதிசயம்

பாகிஸ்தானில் உள்ள கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. வீடுகளுக்குச் சோப்புக் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2005-ம் ஆண்டில் முடிவு வெளியானது. அந்த வீடுகளில், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு நிமோனியா வருவது பாதியாகக் குறைந்து இருந்தது! விலை உயர்ந்த சோப்பு தேவைப்படவில்லை. சாதாரணச் சோப்பே போதுமானதாக இருந்தது.

அங்கன்வாடிக்குள் நுழைந்ததும், சாப்பிடும் முன்பும், மூக்கைத் துடைத்த பின்பும் கை கழுவட்டும். 20 விநாடி தேய்க்க வேண்டும். ஒரு சின்னப் பாட்டைப் பாடி முடித்தால் கணக்கு சரியாகிவிடும். எல்லாப் பிள்ளைகளின் மூக்கையும் ஒரே துணியால் துடைக்கக்கூடாது. இருமல் வந்தால் முழங்கையை மடக்கி வாயை மூடப் பழக்குங்கள். பெரியவர்களுக்கு இருமல் இருந்தால் முகக்கவசம் அணிய வேண்டும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். கொடுங்கையூரில் இதில் ஒரு சிக்கல் உண்டு. குப்பை மேட்டில் தீப்பிடித்தால் புகை வரும். புகையும் நுரையீரலுக்குப் பகைதான். அந்த நேரத்தில் புகை வரும் பக்கத்து ஜன்னலை மூடி, மறு பக்கத்து ஜன்னலைத் திறக்கலாம். வீட்டிலும் பிள்ளையின் பக்கத்தில் பீடி, சிகரெட் புகைக்கக்கூடாது.

ஊசியே கவசம்

பென்டாவேலன்ட் ஊசி 6, 10, 14-வது வாரங்களில் போடப்படுகிறது. தொண்டை அடைப்பான், கக்குவான் உள்பட 5 நோய்களை அது தடுக்கும். 2011-ம் ஆண்டு டிசம்பரில், இந்தியாவிலேயே முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும்தான் இது வந்தது. நிமோனியாவைத் தடுக்கும் ஊசி 6, 14-வது வாரங்களிலும் 9-வது மாதத்திலும் உண்டு. தட்டம்மை ஊசி 9-வது மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயது வாக்கில் இன்னொன்று. எல்லாம் அரசாங்கச் சுகாதார நிலையங்களில் இலவசம்!

மூச்சை எண்ணுங்கள்!

2019-ம் ஆண்டில் மட்டும், உலகம் முழுவதும் 5 வயதுக்கு உட்பட்ட சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் குழந்தைகள் நிமோனியாவுக்குப் பலியானார்கள்.

சாதாரணச் சளியா, நிமோனியாவா? பிள்ளை அழாமல் இருக்கும்போது, வயிறு ஏறி இறங்குவதை 1 நிமிடம் எண்ணுங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை 50 தடவைக்குக் குறையாமல் இருந்தாலோ, 1 வயது முதல் 5 வயது வரை 40 தடவைக்குக் குறையாமல் இருந்தாலோ, அன்றைக்கே டாக்டரிடம் காட்ட வேண்டும். மருந்துக் கடையில் தானாக மாத்திரை வாங்கிக் கொடுத்து நாளைக் கடத்தக்கூடாது.

மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தாலோ, பிள்ளை குடிக்க மறுத்தாலோ, வலிப்பு வந்தாலோ, மயங்கிக் கிடந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கோ, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ கொண்டு போங்கள். 108-ஐக் கூப்பிட்டால் ஆம்புலன்சு வரும்.

மறைக்க வேண்டாம், திட்டவும் வேண்டாம்

சோப்பும் ஊசியும் இருந்தாலும் இன்னொன்று வேண்டும். அதுதான் உண்மை. "டீச்சர், ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் அடித்தது" என்று தாய் வாய் திறந்து சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்ன தாயை டீச்சர் திட்டக்கூடாது. திட்டினால், அடுத்த தடவை அவர் மறைப்பார்.

பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. இன்று வேலை இல்லாதவர், ஏற்கனவே ஊசி எல்லாம் போட்ட தம் பெரிய பிள்ளையோடு, காய்ச்சல் பிள்ளையையும் அரை நாள் பார்த்துக்கொள்ளலாம். நாளை அந்த உதவி திரும்பி வரும். ஒரு தாயின் கூலியும் தப்பும். ஓர் அறை நிறைய பிள்ளைகளும் தப்புவார்கள்.