பழைய கிராண்டில் ‘0 – 1 – 20’: உங்கள் நிலம் எவ்வளவு?

ஜாசின், அலோர் காஜா பக்கம் தாத்தா வாங்கிப் போட்ட நிலத்தைப் பிரிக்கப் பிள்ளைகள் கூடி உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அலமாரியிலிருந்து எடுத்த பழைய கிராண்டில் சதுர அடியும் இல்லை, சதுர மீட்டரும் இல்லை. ‘0 ஏக்கர் 1 ரூட் 20 போல்’ என்றுதான் இருக்கிறது. தோட்டத்துச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நிலம். இந்த மூன்று எண்களைத் தப்பாகப் படித்தால் நஷ்டம் சிறியதல்ல.

முதலில், இது புள்ளிக் கணக்கு அல்ல. 40 போல் சேர்ந்தால் ஒரு ரூட். 4 ரூட் ஓர் ஏக்கர். (நிலக் கணக்கில் ‘போல்’ என்றால் ‘மாதிரி’ அல்ல, பதினாறரை அடி நீளமுள்ள கழி. அந்த நீளத்துக்கு அந்த அகலமுள்ள சதுரத்துக்கும் அதே பெயர்.) ஆகவே 20 போல் என்பது அரை ரூட். மொத்தம் ஒன்றரை ரூட், அதாவது 60 போல். ஓர் ஏக்கருக்கு 160 போல், 43,560 சதுர அடி. அப்படியானால் இந்த நிலம் 0.375 ஏக்கர், 16,335 சதுர அடி, ஏறத்தாழ 1,518 சதுர மீட்டர்.

இதையே ‘1.20 ரூட்’ என்று படித்தால் 13,068 சதுர அடிதான் வரும். காணாமல் போகும் 3,267 சதுர அடியில் 20க்கு 70 அடி தாமான் மனை இரண்டு அடங்கிவிடும். “கால் ஏக்கர்னா பத்தாயிரம் அடி” என்று யாராவது சொன்னாலும் ஒப்புக்கொள்ள வேண்டாம். கால் ஏக்கர் 10,890 சதுர அடி.

வரைபடத்தில் இன்னொரு குழி இருக்கிறது. பழைய அளவை வரைபடங்களில் எல்லைக் கோட்டின் மேல் 250, 150 என்று எண் மட்டும் இருந்தால், பலர் அதை அடி என்றே எடுத்துக்கொள்வார்கள். அது லிங்க் ஆக இருக்கலாம். ஆங்கிலேயர் எட்மண்ட் கண்டர் 1620 வாக்கில் வகுத்த 66 அடிச் சங்கிலியில் 100 கண்ணிகள்; ஒரு கண்ணிதான் ஒரு லிங்க், 7.92 அங்குலம். 250 லிங்க் என்பது 165 அடி, 150 லிங்க் 99 அடி. பெருக்கிப் பாருங்கள்: அதே 16,335. அடி என்று நினைத்துப் பெருக்கினால் 37,500 வந்து, இல்லாத நிலத்துக்குச் சண்டை தொடங்கும்.

மலேசியாவில் மெட்ரிக் அளவுக்கு வழிவகுத்த எடை, அளவைச் சட்டம் 1972ஆம் ஆண்டினது. மலாக்காவிலும் பினாங்கிலும் பழைய பத்திர முறையை மாற்ற 1963இலேயே தனிச் சட்டம் வந்தது. காகிதம் மாறினாலும் பேச்சு மாறவில்லை. கோயில் வாசலில் பூ இன்றும் முழக்கணக்குதான். பூக்காரம்மாவின் கை குட்டையாக இருந்தால் நமக்குக் கொஞ்சம் நஷ்டம், அவ்வளவே. நிலத்தில் அப்படி விட முடியாது.

அளவை முடியாத தற்காலிகப் பட்டாவாக இருந்தால், அதில் உள்ள பரப்பளவே முடிவானதல்ல. பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன், நில அலுவலகத்தில் பட்டா விவரத்தைத் தேடி எடுத்து, உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு எல்லைக் கற்களைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.