கொல்லைக் கேமராவும் ரேழி மோடமும்

காவிரி டெல்டாவில் பாபநாசம் பக்கத்துப் பழைய தெரு வீடுகளுக்கு அகலம் குறைவு, நீளம் அதிகம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு என்று கடந்து போனால்தான் கொல்லைக் கதவு வரும். ஃபைபர் ஒயர் தெருக் கம்பத்திலிருந்து வருவதால் மோடம் ரேழிச் சுவரில் தொங்குகிறது. திருட்டுப் பயம் கொல்லைப் பக்கம் என்பதால் கேமரா அங்கே போகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருந்துகொண்டு, அம்மா துளசிமாடத்துக்கு விளக்கேற்றினாளா என்று செல்போனில் பார்க்கிறார்கள். கேமரா மாட்டிக் கொஞ்ச நாளில் புகார் தொடங்குகிறது: “பகல்ல நல்லாத்தான் ஓடுது. பொழுது சாஞ்சா நெட்டு நின்னு நின்னு வருது.” கேபிள்காரர் வந்து பார்ப்பது காலை பதினோரு மணிக்கு. அப்போது எல்லாம் சரியாகவே இருக்கும்.

வீட்டு இணையம் வாங்கிக்கொள்வதற்காக அமைக்கப்பட்டது. சினிமா, சீரியல், வாட்ஸ்அப் படம் எல்லாமே பெரும்பாலும் உள்ளே வருபவை. கேமரா ஒன்றுதான் இதற்கு நேர்மாறு. அது அனுப்பிக்கொண்டே இருக்கும். சுவீடனின் ஆக்ஸிஸ் நிறுவனம் 1996-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் இணையக் கேமரா, கேட்டால் ஒரு நிழற்படம் தரும், அவ்வளவுதான். இன்றைய சாதாரணக் கேமரா முழு எச்டி வீடியோவை நொடிக்கு 2 முதல் 4 மெகாபிட் அளவில் அனுப்பக்கூடியது. 2 மெகாபிட் என்றே வைத்துக்கொண்டாலும் மணிக்கு 900 மெகாபைட், நாளுக்கு 21 ஜிபிக்கு மேல். மெமரி கார்டில் பதிந்துகொண்டு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் வெளியே அனுப்பும் கேமராவுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் சிங்கப்பூரில் யாராவது நேரலையைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கிப்போனால் பொருந்தும்.

முதல் சோதனைக்குக் காசு செலவில்லை. கேமராவின் பிளக்கைப் பிடுங்கி ஒரு பகலும் ஓர் இரவும் விட்டுவிட வேண்டும். இரவு முக்கியம். அப்போதும் நெட் நின்றால் கேமரா நிரபராதி. மோடத்தில் ‘லாஸ்’ என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில்தான் கோளாறு. அப்போது கேபிள்காரரைக் கூப்பிடுவது நியாயம். அந்த விளக்கு எரியாமலே வீட்டு போன்கள் எல்லாம் திணறினால், தேட வேண்டியது வீட்டுக்குள்ளே.

வீட்டுக்குள்ளே என்றால் முதலில் காற்றில். மலிவான வைஃபை கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே பேசும். இந்தியாவில் 2005 முதல் இதற்கு உரிமம் தேவையில்லை என்பதால் தெருவில் எல்லா வீட்டு ரவுட்டரும் அதில்தான் இருக்கிறது. ஒன்றோடொன்று மோதாமல் கிடைக்கும் சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில் மூன்று சேனல் எந்த மூலைக்கு?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, முறைப்பாசனம்தான் இது. ஒரே மதகு, ஆளுக்கொரு முறை. ஆனால் இந்த மதகில் முறை என்பது மணிக்கணக்கில் இல்லை, வயல் நிறையும்வரை. மண் தூர்ந்த வாய்க்காலில் தண்ணீர் வாங்குகிற கடைமடைக்காரரின் முறை வந்துவிட்டால், மற்ற எல்லோரும் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கொல்லைக் கேமராவுக்கு வந்து சேரும் சிக்னல் நாலைந்து சுண்ணாம்புச் சுவர்களைத் தாண்டி மெலிந்திருக்கும். சிக்னல் மெலிந்தால் வேகத்தைக் குறைத்துப் பேசுவது வைஃபையின் இயல்பு. 1500 பைட் கொண்ட ஒரு பொட்டலத்தை நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஏறத்தாழ 0.22 மில்லிநொடி போதும். 1 மெகாபிட் வேகத்தில் அதே பொட்டலத்துக்கு 12 மில்லிநொடி. கூடத்தில் மோடத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்து சீரியல் பார்ப்பவருக்கும் படம் சுற்றுவது இதனால்தான். அவருடைய சிக்னலில் குறையே இல்லை. காற்றுதான் காலியாக இல்லை.

 

போனையும் டிவியையும் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினால் பாதித் தொல்லை தீரும், 2.4 கேமராவுக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும். நாலு கேமராவும் ஒரு பாக்ஸுமாக வரும் வைஃபை செட்டு வாங்கியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த பாக்ஸ் தனக்கென்று தனி வைஃபை ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். அதைக் கொண்டுபோய் மோடத்தின் தலையிலேயே வைப்பது வழக்கம். இரண்டும் ஒரே சேனலில் கத்தினால் இரண்டுமே கெடும்.

காற்றைத் தாண்டினால் அடுத்த நெரிசல் மோடத்தின் வெளிவாசலில். ஃபைபர் வீடுகளில் இது குறைவு. செம்புக் கம்பி பிராட்பேண்டிலும், சுற்றுக் கிராமங்களில் சிம் போட்ட ரவுட்டரிலும் அடிக்கடி நடக்கும். அனுப்பும் பாதை சின்னது. கேமரா அதை நிரப்பிவிடுகிறது. அனுப்புவதுதானே தாமதமாகும், வருவது ஏன் நிற்க வேண்டும் என்று தோன்றும். வருகிற ஒவ்வொரு துண்டுக்கும் ‘வந்து சேர்ந்தது’ என்று உங்கள் போன் பதில் அனுப்பியாக வேண்டும். அந்தப் பதில் கேமராவின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. பதில் வராததால் மறுமுனை அனுப்புவதைக் குறைக்கிறது. ஸ்பீடு டெஸ்ட்டில் டவுன்லோடு மட்டும் பார்த்துவிட்டுக் கம்பெனியைத் திட்டுபவர்கள் இந்த இடத்தைத் தவறவிடுகிறார்கள்.

இனி, பொழுது சாய்ந்தால் ஏன்? இருட்டியதும் கேமராவுக்குள் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அகச்சிவப்பை மறைக்கும் வடிகட்டி விலகி, அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும். வீடியோவைச் சுருக்கும் முறை, முந்தைய படத்திலிருந்து மாறியதை மட்டும் அனுப்பிப் பிழைக்கிறது. இருட்டில் படம் முழுக்கப் புள்ளிகள் நடுங்குவதால் எல்லாமே மாறியதாகத் தெரியும்; அளவு ஏறும். போதாக்குறைக்குப் பூச்சிகள். கதிர் முற்றும் காலத்தில் டெல்டாவில் விளக்குப் போட்டு வைத்த இடமெல்லாம் பூச்சிக் கூட்டம்தான். லென்ஸுக்கு அருகே பறக்கும் ஒரு சின்ன அந்து அகச்சிவப்பு வெளிச்சத்தில் ஆள் உயர வெள்ளை உருவமாகத் தெரியும். கேமரா திருடன் வந்ததாக நினைத்து வீடியோவை அனுப்பும். மழைத்துளியும், லென்ஸின் குறுக்கே ஆடும் சிலந்தி இழையும் அதே வேலையைச் செய்யும். கொல்லை டியூப்லைட்டை கேமராவிலிருந்து தள்ளி மாட்டி, வாரம் ஒருமுறை ஒட்டடை அடித்து, நொடிக்கு 25 படம் என்பதை 12 ஆக்கி, பிட் அளவுக்கு ஒரு வரம்பும் வைத்தால் வித்தியாசம் தெரியும். துளசிமாடம் 12 படத்திலும் துளசிமாடம்தான்.

இரவில் இன்னொரு கோளாறும் சேர்ந்துகொள்ளும். வைஃபை கேமராக்கள் பலவும் 5 வோல்ட்டில் ஓடுபவை. கூடத்தில் அடாப்டரைச் செருகி, கொல்லைவரை மெல்லிய ஒயரை நீட்டியிருப்பார்கள். 30 மீட்டர் தூரம், அரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் போகவர ஏறத்தாழ 2 ஓம் தடை. பகலில் அரை ஆம்பியர் இழுத்தால் 1 வோல்ட் வழியிலேயே போகும். இரவில் விளக்குகள் எரிந்து 1 ஆம்பியரை நெருங்கினால் 2 வோல்ட். மிச்சமிருக்கும் 3 வோல்ட்டில் கேமரா அணைந்து அணைந்து எழும். துபாயிலிருந்து பார்ப்பவருக்கு அது ‘ஆஃப்லைன்’, அதாவது “நெட் போச்சு”. அடாப்டரை கேமராவுக்குப் பக்கத்தில் மழை படாமல் வைத்து, அங்கே வரை 230 வோல்ட் லைன் இழுப்பதே சரி. மோட்டார் போடும்போதெல்லாம் கேமரா சாகிறது என்றாலும் இதே திசையில்தான் தேட வேண்டும்.

கரண்ட் போய் வந்த பிறகு மட்டும் தகராறு என்றால் ஐபி முகவரியைப் பாருங்கள். கேமராவுக்குக் கையால் கொடுத்த முகவரியை ரவுட்டர் இன்னொரு போனுக்கும் கொடுத்துவிட்டால் இரண்டும் மாறி மாறிச் சாகும். ரவுட்டரின் முகவரியையே கேமராவுக்குப் போட்டுவிட்டால் வீடே நிற்கும். ரவுட்டரிலேயே கேமராவுக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

பாஸ்வேர்டு மாற்றாத கேமரா தனி ரகம். 2016-இல் மிராய் என்ற தீநிரல், கம்பெனியில் வைத்த அறுபதுக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகளை முயன்று பார்த்தே உலகெங்கும் கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்தது. அவற்றைக் கொண்டு அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களுக்கு முகவரி காட்டும் டைன் நிறுவனத்தைத் தாக்கியபோது அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் திறக்கவில்லை. அப்படிப் பிடிபட்ட கேமரா வீட்டின் அனுப்பும் பாதையை முழுக்க உறிஞ்சிவிடும். அணைத்துப் போட்டால் நிரல் அழியும், பாஸ்வேர்டு பழையதே என்றால் சீக்கிரமே திரும்ப வந்துவிடும். கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கும் விதியை மத்திய அரசு 2024 ஏப்ரலில் வெளியிட்டது. ஏற்கெனவே சுவரில் தொங்குவதற்கு அதனால் பலனில்லை.

என்னைக் கேட்டால், நீள வீட்டுக்கு வைஃபை கேமராவே வேண்டாம் என்பேன். ரேழியிலிருந்து கொல்லைக்கு ஒரே நெட்வொர்க் கேபிள் போதும். 100 மீட்டர் வரை தாங்கும். 2003-இல் வந்த தரப்படி அதே கேபிளில் 15.4 வாட் வரை மின்சாரமும் அனுப்பலாம், அடாப்டர் தொல்லையும் ஒழியும். ஒரே எச்சரிக்கை ஐப்பசி இடிக்கு. வெளியில் கிடக்கும் நீளச் செம்புக் கம்பி மின்னலின் அதிர்ச்சியை நேரே மோடத்துக்குக் கொண்டுவரும், ஃபைபர் கொண்டுவராது. அதனால் கேமரா சுவரில் இல்லாமல் தோப்புக் கம்பத்திலோ கிணற்றடியிலோ இருந்தால், அந்தத் தூரத்துக்கு ஃபைபரே இழுத்து இரு முனையிலும் மாற்றிப் பெட்டி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவு, போன மழையில் கருகிய மோடத்தின் விலையைவிடப் பெரிதாக இருக்காது.