மலிவு விடியற்காலையில், கூலி சாயங்காலத்தில்

பவானியில் எங்களைப் போல ஜமுக்காளத் தறியை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் காய்க்கென்று தனியாகப் பணம் எடுத்து வைப்பதில்லை. அரிசி, பால், வாடகை போக மிஞ்சினால்தான் காய். விலை ஏறினால் முதலில் பொரியல் நின்றுவிடும்.

ஈரோட்டுக்குப் போகிற நாளில் சம்பத் நகர் உழவர் சந்தைக்கும் போய்வருவேன். 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. முன்பெல்லாம் காயில் மிச்சம் பிடித்ததைப் பஸ் தின்றுவிடும்.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையைத் திறந்தார் அன்றைய முதல்வர் கருணாநிதி. பஞ்சாபின் அப்னி மண்டி, ஆந்திராவின் ரைத்து பஜார் இரண்டும் அதற்கு முன்னோடிகள். 2001இல் ஆட்சி மாறியதும் கவனிப்பு குறைந்தது. 2006க்குப் பிறகு மறுபடி உயிர் வந்தது.

மண்டி, கமிஷன், ஏற்றுக்கூலி, கழிவு என்று கைமாறும் இடத்திலெல்லாம் காய்க்கு விலை கூடும். உழவர் சந்தையில் விளைவித்தவரே விற்கிறார். அடையாள அட்டை உண்டு, கடை வாடகை கிடையாது, தராசும் கொடுக்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. அன்றைய விலையைப் பலகையில் எழுதிவிடுவார்கள். கோபிப் பக்கத்து அம்மா ஒருவர் கொத்தவரங்காயை நிறுத்துப் போட்டபின் மேலே ஒரு கை அள்ளி வைத்து, “வெச்சுக்க கண்ணு, திருப்பியா தூக்கிட்டுப் போகப்போறேன்” என்றார். எல்லாரும் அப்படி இல்லை. ஒரே ஆளிடம் அரசாணிக்காயும் மேராக்காயும் கேரட்டும் இருந்தால் தோட்டம் கோபியிலா ஊட்டியிலா என்று கேட்கத் தோன்றும்.

என் குறை விலையில் இல்லை, நேரத்தில். சந்தை விடியலில் கூடி மதியத்துக்குள் கலைகிறது. கூலி கைக்கு வருவதோ சாயங்காலம். அப்போது தெருமுனையில் கூறு கட்டி வைத்திருக்கும் கத்தரிக்காய்தான் கிடைக்கும். நிறுத்துப் பார்த்தால் அது கிலோவுக்குக் கூடத்தான் வரும். ஆனால் கையில் இருக்கும் இருபது ரூபாய்க்கு அதுதான் வரும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் வாரத்துக்கு வாங்கிப் போடவும் முடியாது.

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியபோது, சென்னையில் தொடங்கி ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றார்கள். விலை இறங்கியதும் அந்த ஏற்பாடு முடிந்தது. ஆனால் இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தார்கள். ரேஷன் கடைக்குப் பஸ் ஏற வேண்டாம். தறியிறங்கும் நேரத்துக்கு அங்கே நாலு வகைக் காய் இருந்து, கால் கிலோவும் நிறுத்துக் கொடுத்தால், நான் ஈரோடு வரை போவானேன்?