குகேஷுக்கு ஒரு நியாயம், கிரிக்கு ஒரு நியாயமா?

வாலாஜாபாத் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பொழுது புலர்வதற்கு முன்பே கூட்டம் கூடிவிடும். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் போகிற கம்பெனி பஸ்கள் வரும் நேரம் அது. இரவு ஷிப்டு முடிந்து இறங்குகிறவர்கள் ஒரு பக்கம். பகல் ஷிப்டுக்கு ஏறக் காத்திருப்பவர்கள் மறு பக்கம். இரு கோஷ்டியும் சந்திக்கிற அந்தப் பத்து நிமிஷத்தில், உலகத்து விளையாட்டு வழக்குகள் எல்லாம் விசாரணைக்கு வந்துவிடும். யாரைச் சேர்த்தது சரி, யாரை ஒதுக்கியது அநியாயம் என்பதில் இவர்கள் காட்டுகிற அக்கறை, தேர்வுக் கமிட்டிக்காரர்களுக்கே இருக்குமா என்பது சந்தேகந்தான்!

இதில் வியப்புக்கு இடமில்லை. ஒரே மிஷினில், ஒரே வேலையை, ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகவும் பக்கத்தில் இருப்பவர் காண்டிராக்ட் ஆளாகவும் செய்கிற வட்டாரம் இது. பட்டியலில் பெயர் வருவதும் வராமல் போவதும் எப்படிப்பட்ட விஷயம் என்பதை இவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

கிரிக்கெட்டில் இருந்துதான் பேச்சு ஆரம்பமாகும். 2023-ஆம் ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் இறுதிப் பந்தயம். அப்போது டெஸ்ட் பந்து வீச்சாளர் தர வரிசையில் முதல் இடத்தில் இருந்தவர் நம்முடைய அஸ்வின். அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு இந்தியா ஆடியது. 209 ஓட்டங்களில் தோற்றது. "அஸ்வின் இருந்திருந்தால்..." என்று ஒருவர் பெருமூச்சு விடுவார். உடனே எதிர்க்கட்சி எழும். "அப்படியானால் 2019 உலகக் கோப்பைக்கு அம்பத்தி ராயுடுவை விட்டுவிட்டு நம் விஜய் சங்கரைச் சேர்த்தார்களே, அது மட்டும் சரியா, அண்ணே?" ராயுடு ஆந்திரக்காரர், விஜய் சங்கர் அப்போது தமிழ்நாட்டு அணிக்காரர். 'முப்பரிமாண ஆட்டக்காரர்' என்று தேர்வுக் குழுத் தலைவர் எம்.எஸ்.கே. பிரசாத் சொன்ன காரணமும், அதைக் கேட்டு, பந்தயத்தைப் பார்க்க முப்பரிமாணக் கண்ணாடி வாங்கியிருப்பதாக ராயுடு செய்த கிண்டலும் அந்நாளில் ஊர் சிரித்த சங்கதிகள். தமிழன் ஒதுக்கப்பட்டால் அநியாயம், தமிழன் சேர்க்கப்பட்டால் திறமை! ரசிகர் நீதிமன்றத்தின் முதல் சட்டப் பிரிவு இதுதான்.

கிரிக்கெட்டில் தேர்வு என்பது நாலைந்து பேர் மூடிய அறையில் கூடி எடுக்கிற முடிவு. அதில் வாதம் நடப்பது சகஜம். ஆனால் எண்களாலேயே எல்லாவற்றையும் தீர்மானிக்கிற சதுரங்கத்தில் வந்த வழக்குத்தான் விசித்திரமானது. அதிலே பயன் அடைந்தவர் நம் சென்னைப் பையன் என்பதால், அது நமக்குக் கொஞ்சம் சங்கடமானதும் கூட.

எட்டு நாற்காலிகள்

உலகச் சாம்பியனை எதிர்த்து ஆடும் உரிமை யாருக்கு என்பதை முடிவு செய்வது 'காண்டிடேட்ஸ்' பந்தயம். அதில் எட்டே எட்டு நாற்காலிகள். 2024 ஏப்ரலில் கனடாவின் டொராண்டோ நகரில் நடக்க இருந்த பந்தயத்துக்கு, 2023 டிசம்பர் பிறந்தபோது ஆறு பேர் முடிவாகிவிட்டார்கள். நம் பிரக்ஞானந்தா உலகக் கோப்பைப் பந்தயத்தில் இரண்டாவதாக வந்து இடம் பிடித்திருந்தார். அதே உலகக் கோப்பையின் காலிறுதியில் கார்ல்சனிடம் தோற்ற குகேஷுக்கு இடமில்லை.

மிச்சம் இரண்டு நாற்காலிகள். ஒன்று, வருஷம் முழுவதும் ஆடிய பந்தயங்களில் சிறந்த ஐந்தைக் கூட்டிக் கணக்கிடும் 'சர்க்யூட்' புள்ளிகளில் முந்துகிறவருக்கு. மற்றொன்று, 2024 ஜனவரி மாதப் பட்டியலில் 'ரேட்டிங்' உயர்ந்து நிற்பவருக்கு.

சர்க்யூட் புள்ளியில் நெதர்லாந்து வீரர் அனிஷ் கிரி, குகேஷுக்கு முன்னால் இருந்தார். வருஷம் முடிய நாட்களே மீதி. இந்தச் சமயத்திலே சென்னையில் அவசர அவசரமாக ஒரு பந்தயம் முளைத்தது! 'சென்னை கிராண்ட் மாஸ்டர்ஸ்' என்று பெயர். நடத்தியது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம். டிசம்பர் 15 முதல் 21 வரை, எட்டு பேர், ஏழு சுற்று. அரோனியன், ஹரிகிருஷ்ணா, அர்ஜுன் எரிகைசி போன்ற பலசாலிகள் வந்து ஆடினார்கள். குகேஷும் அர்ஜுனும் தலைக்கு நாலரைப் புள்ளி எடுத்தார்கள். சமநிலையை உடைக்கும் கணக்கில் குகேஷ் முதல்வர் ஆனார். கிரியைத் தாண்டினார். மாதக் கடைசியில் சமர்கந்த் நகரில் நடந்த அதிவேகப் பந்தயங்கள் கிரிக்குக் கடைசி வாய்ப்பு. அங்கே அவருக்குக் கை கொடுக்கவில்லை. நாற்காலி குகேஷுக்கு!

உலகெங்கும் சதுரங்க ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "ஒரு மாநில அரசே தன் ஊர்ப் பிள்ளைக்காகப் பந்தயம் நடத்தினால், பணமில்லாத ஊர்ப் பிள்ளை எங்கே போவான்?" என்பது ஒரு சாரார் கேள்வி. "எந்த விதியை மீறினார்கள்? பந்தயம் நடத்தக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது? எதிரே உட்கார்ந்தவர்கள் பொம்மைகளா?" என்பது மறு சாராரின் பதில். இரண்டிலும் உண்மை உண்டு. விதி மீறப்படவில்லை. பந்தயமும் பொய்ப் பந்தயமல்ல. ஒரு அரைப் புள்ளி குறைந்திருந்தால் குகேஷ் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஆனால், ஓட்டப் பந்தயம் முடிகிற நேரத்தில் ஒருவருக்கு மட்டும் அவர் வீட்டு வாசலில் கூடுதலாக ஒரு சுற்றுக்கு ஏற்பாடு ஆயிற்று என்பதையும் மறைப்பதற்கில்லை. அதே காரியத்தை ஆம்ஸ்டர்டாமில் கிரிக்காகச் செய்து, குகேஷ் வெளியே நின்றிருந்தால், வாலாஜாபாத் டீக்கடை என்ன தீர்ப்புச் சொல்லியிருக்கும்? டீ ஆறிப்போயிருக்கும்; ஆத்திரம் ஆறியிருக்காது!

பிரான்சில் நடந்த கூத்து

அதே டிசம்பரில் மற்ற நாற்காலிக்கு நடந்த போட்டி இன்னும் ரசமானது. அமெரிக்காவுக்காக ஆடும் வெஸ்லி சோ ரேட்டிங்கில் சற்றே முன்னால் இருந்தார். அவரைத் தாண்ட பிரான்சின் அலிரேசா ஃபிரூஸ்ஜாவுக்குச் சில புள்ளிகள் வேண்டும். என்ன செய்தார்கள்? சார்த்ர் நகரில் அவருக்கென்றே சில ஆட்டங்களுக்கு ஏற்பாடு செய்தார்கள். எதிராளிகள் அவரைவிட மிகக் குறைந்த ரேட்டிங் உள்ள மூத்த கிராண்ட் மாஸ்டர்கள். ஃபிடே எனப்படும் உலகச் சதுரங்க சம்மேளனம் முகம் சுளித்து, அந்த ஆட்டங்களைக் கணக்கில் எடுக்க மறுத்துவிட்டது. ஃபிரூஸ்ஜா சளைத்தாரா? ரூவான் நகரில் ஏற்கெனவே நடக்க இருந்த ஒரு பொதுப் பந்தயத்துக்கு ஓடினார். ஏழு ஆட்டம், ஏழும் வெற்றி! அது கணக்கில் ஏறியது. வெஸ்லி சோ பின்தங்கினார்.

ரேட்டிங் ஏற்றவென்றே தனியாக ஜோடித்த ஆட்டங்கள் செல்லாது. எவரும் வந்து ஆடக்கூடிய பந்தயம் செல்லும். சென்னைப் பந்தயம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அழைப்பின் பேரில் நடந்தது; ஆனால் அழைக்கப்பட்டவர்கள் சாமானியர் அல்லர்.

இன்னொரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் எதிர்கொண்ட உலகச் சாம்பியன் சீனாவின் டிங் லிரென் அல்லவா? அவர் அந்தப் பட்டத்துக்கு வந்த பாதையும் இதே மாதிரிதான்! 2022-இல் ரஷ்ய வீரர் கர்யாகின், உக்ரைன் போரை ஆதரித்துப் பேசியதற்காகத் தடை செய்யப்பட்டார். அவருடைய நாற்காலி ரேட்டிங் உயர்ந்தவருக்கு என்று ஆயிற்று. டிங்குக்கு ரேட்டிங் இருந்தது. ஆனால் விதி கேட்ட 30 ஆட்டங்கள் கைவசம் இல்லை. கொரோனா காலத்தில் அவரால் வெளிநாடு போக முடியவில்லை. சீனச் சங்கம் உள்ளூரிலேயே பந்தயங்களை ஏற்பாடு செய்து, சில வாரங்களில் குறையை நிரப்பிவிட்டது. டிங் காண்டிடேட்ஸ் பந்தயத்தில் இரண்டாவதாக வந்தார். கார்ல்சன் பட்டத்தை வேண்டாமென்று விலக, 2023-இல் உலகச் சாம்பியனும் ஆனார். ஆக, சிங்கப்பூர் மேஜையின் இரு புறமும் அவசரப் பந்தயத்தில் ஏறி வந்தவர்களே! பதினான்காவது ஆட்டத்தில் குகேஷ் வென்று, ஏழரைக்கு ஆறரை என்ற கணக்கில் 18-ஆவது வயதில் பட்டம் சூடினார்.

ஜப்பானில் மட்டும் என்ன?

கொமாட்சு, யமஹா என்று ஜப்பானியக் கம்பெனிகள் இந்த வட்டாரத்தில் உண்டு. ஜப்பானியரிடம் வேலை பார்த்தவர்களுக்கு ஓர் எண்ணம்: அவர்களுக்கு விதி என்றால் விதி, கடுகளவும் பிசக மாட்டார்கள். தொழிற்சாலையில் அப்படி இருக்கலாம். ஐஸ் தரையில் சறுக்கி ஆடும் பந்தயத்தில், அங்கேயும் இதே பஞ்சாயத்துத்தான்!

பனிச் சறுக்கு நடனம் ஜப்பானில் கிட்டத்தட்ட நம்மூர்க் கிரிக்கெட். தேசியப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறவருக்கு ஒலிம்பிக் இடம் நிச்சயம். மற்ற இடங்களுக்குச் சங்கம் பல கணக்குகளையும் பார்த்து முடிவு செய்யும். 2013 டிசம்பரில் நடந்த தேசியப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தவர் கொசுகா தகாஹிகோ. ஆடவருக்கு இருந்ததோ மூன்று இடம். ஆனால் ரஷ்யாவின் சோச்சி ஒலிம்பிக்குக்குப் போனவர் ஐந்தாவதாக வந்த தகாஹாஷி டைசுகே! அவர் 2010 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றவர். பிந்திய சில வாரங்கள் காலில் காயம். பழைய சாதனையைச் சங்கம் மதித்தது. நான்காவதாக வந்த ஓடா நொபுனாரி விளையாட்டிலிருந்தே ஓய்வு பெற்றார். இந்த ஓடாவின் ஜாதகமே விசித்திரம். 2005 தேசியப் பந்தயத்தில் அவரே முதல்வர் என்று அறிவித்துவிட்டுப் பிறகு, கம்ப்யூட்டர் கணக்கில் பிழை, முதல்வர் தகாஹாஷி என்று மாற்றினார்கள். அந்த வருஷம் ஆடவருக்கு இருந்தது ஒரே ஒலிம்பிக் இடம்!

விதியை இம்மியும் வளைக்காமல் நின்றதிலும் அவர்களுக்கு மனத்தாங்கல் உண்டு. அசாடா மாவோ என்ற 15 வயதுச் சிறுமி, 2005 டிசம்பரில் டோக்கியோவில் அன்றைய உலகச் சாம்பியன் ஸ்லுட்ஸ்காயாவைத் தோற்கடித்தாள். ஆனால் இரண்டு மாதம் கழித்து நடந்த டுரின் ஒலிம்பிக்கில் அவளுக்கு அனுமதி இல்லை. வயது வரம்புக்கு 87 நாள் குறைவு! நாடே முணுமுணுத்தது. விதி அசையவில்லை.

அங்கேயும் ரசிகர் கட்சிகள் இரண்டுதான். கொசுகா கட்சி: "அன்றைக்கு யார் நன்றாக ஆடினானோ அவனை அனுப்பு." தகாஹாஷி கட்சி: "ஒரு நாள் ஆட்டத்தை வைத்து ஒரு மனிதனை எடை போடாதே." ஒரகடத்தில் நேர்முகத் தேர்வுக்குப் போய்த் திரும்பிய எந்தப் பையனைக் கேட்டாலும், இந்த இரண்டில் எந்தக் கட்சி என்பதை உடனே சொல்லிவிடுவான், பெரும்பாலும் அது அவனுடைய முடிவு எப்படி வந்தது என்பதைப் பொறுத்திருக்கும்.

"ஜெயித்துவிட்டானே!"

எல்லா வாதத்தையும் அடக்க ரசிகர்கள் எடுக்கும் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. "என்னப்பா பேசுகிறீர்கள்? பையன் டொராண்டோவில் ஜெயித்தான், சிங்கப்பூரில் ஜெயித்தான், முதலமைச்சர் 5 கோடி ரூபாய் பரிசும் கொடுத்தாயிற்று. இனி எதற்கு அந்தப் பேச்சு?"

கேட்பதற்கு இனிமையான வாதம். ஆனால் எல்லாவற்றிலும் பலவீனமானது இதுதான். தேர்வு நடந்த நாளில், பின்னால் நடக்கப் போவது யாருக்குத் தெரியும்? சோச்சியில் தகாஹாஷி ஆறாவதாகத்தான் வந்தார். அதனாலேயே அவரைத் தேர்ந்தெடுத்தது குற்றம் ஆகிவிடாது. காயத்தால் 2017 தேசியப் பந்தயத்தில் ஆடாமலே தேர்வான ஹன்யூ யுசுரு, 2018 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றார். அதனாலேயே அந்தத் தேர்வு புனிதமாகிவிடாது. விஜய் சங்கர் உலகக் கோப்பையில் தன் முதல் பந்திலேயே பாகிஸ்தான் விக்கெட்டை வீழ்த்தினார். சில நாளில் கால்விரல் காயத்துடன் ஊர் திரும்பினார். முதல் பந்து விழுந்த அன்று தேர்வு நியாயம், காயம் பட்ட அன்று அநியாயமா? பட்டியல் போட்ட நாளில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் இருந்ததா, அது முன்கூட்டியே சொல்லப்பட்டதா என்பதுதான் கேள்வி. குகேஷின் கிரீடத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது. அந்தக் கேள்வியால் கிரீடத்தின் ஒளியும் மங்காது.

ஃபிடே பாடம் கற்றதா? ஒரு மாதத்து ரேட்டிங் என்பதை மாற்றி, அடுத்த சுற்றுக்கு ஆறு மாதச் சராசரி என்றும், குறைந்தது 40 ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்றும் விதி செய்தது. ஓட்டை அடைபட்டது என்று நினைத்தார்களோ இல்லையோ, அமெரிக்காவின் நகமுரா அந்த எண்ணிக்கையை நிரப்ப 2025-இல் தன் நாட்டுச் சிற்றூர்ப் பந்தயங்களில் போய் உட்கார்ந்தார்! உலகின் முன்னணி வீரர் ஒருவர் பள்ளிப் பிள்ளைகளோடும் பொழுதுபோக்குக்காரர்களோடும் ஆடியதைப் பார்த்துச் சிரித்தவர் பாதி, கோபப்பட்டவர் பாதி. விதிப்படி அவருக்கும் இடம் கிடைத்தது.

அனிஷ் கிரி என்ன ஆனார்? 2025 செப்டம்பரில் அதே சமர்கந்த் நகரில் 'கிராண்ட் ஸ்விஸ்' பந்தயம் நடந்தது. முதல் இரண்டு பேருக்கு காண்டிடேட்ஸ் இடம். கணக்குப் போடவோ, கடைசி நேரப் பந்தயம் தேடவோ தேவையில்லாமல், கிரி முதலாவதாக வந்தார்.