வெல்டிங் பட்டறையில் நீல ஒளி: அளப்பது எப்படி?

"நீல ஒளி கண்ணைக் கெடுக்கும்" என்று சொல்லிக் கண்ணாடி விற்கும் விளம்பரங்கள் முகநூலில் நிறைந்து கிடக்கின்றன. ஆனால் கணினி, கைத்தொலைபேசித் திரைகளின் நீல ஒளி சர்வதேச வரம்புக்கு வெகு கீழேயே இருப்பதை அளவீடுகள் காட்டியுள்ளன. எங்கள் தீவகத்தில் கவலைப்பட வேண்டிய இடம் வெல்டிங் பட்டறை என்பதே என் கருத்து.

ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு எங்கும் உப்புக்காற்று இரும்பை விட்டுவைப்பதில்லை. படகின் இயந்திரத் தாங்கி, கேற், கூரைச் சட்டம் எல்லாம் ஒட்டுக்கு வரும். 1990 இல் வெளியேற்றப்பட்டு மீளக் குடியேறிய யாழ் முஸ்லிம்களிலும் இரும்பை நம்பிப் பிழைப்போர் உண்டு.

வெல்டிங் பொறியின் புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுடும். இரவில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும், ஓரிரு நாளில் மாறிவிடும். நீல ஒளி அப்படியல்ல. வலியே இல்லாமல் விழித்திரை வரை போகும். அங்கே பட்ட காயம் மாறாமலே போகலாம்.

இதை லக்ஸ் மீற்றரால் அளக்க முடியாது. அது 555 நானோமீற்றர் பச்சை ஒளிக்கே அதிகம் அசையும்; நீல ஒளியின் தீங்கு உச்சமோ 435-440 நானோமீற்றரில். ஆகவே நிறமாலையைப் பிரித்து அளக்கும் கருவியைத் தொழிலாளியின் கண் இருக்கும் இடத்தில் வைத்து, ஒவ்வொரு அலைநீளத்தின் ஒளிர்வையும் அதன் தீங்கு அளவால் பெருக்கிக் கூட்ட வேண்டும். ஒரு நாளுக்கான வரம்பு, சதுர மீற்றருக்கு ஸ்ரெரேடியனுக்குப் பத்து இலட்சம் ஜூல். கூட்டி வந்த எண்ணால் இதை வகுத்தால், வெறுங்கண்ணால் எத்தனை செக்கன் பார்க்கலாம் என்பது தெரியும். எண் ஒரு இலட்சம் என்றால் பத்தே செக்கன். 2002 இல் வெளியான ஜப்பானிய ஆய்வொன்றில் வெல்டிங்குக்குக் கிடைத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

இனி எங்கள் பட்டறையை எண்ணிப் பாருங்கள். முகமூடியைத் தூக்கிவிட்டு ஒரு 'டக்' அடிக்க இரண்டு செக்கன். நாளுக்கு ஐம்பது தடவை என்றால் நூறு செக்கன். இரும்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பையனுக்கு அந்த முகமூடியும் இல்லை.

கருவி விலை கூடியது, பட்டறைக்காரர் வாங்க முடியாது. தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் தேசிய நிறுவகத்திடம் கடற்றொழில் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் சேர்ந்து எழுத்தில் கேட்கலாம். வழமையாகப் பாவிக்கும் மின்னோட்டங்களில் ஒருமுறை அளந்தாலே பல பட்டறைகளுக்கு உதவும். அதுவரை 10 ஆம் இலக்கத்துக்குக் குறையாத கறுப்புக் கண்ணாடியுள்ள முகமூடி வேண்டும். வெயில் கண்ணாடி போதாது. வாங்கும்போது அந்தப் பையனுக்கும் சேர்த்து இரண்டாக வாங்குங்கள்.