மணிக்கட்டில் ஒரு கோலிக்குண்டு!

விம்கோ நகர் என்றதும் பழைய சென்னைவாசிகளுக்குத் தீப்பெட்டி ஞாபகம் வரும். 'வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனி' என்ற நீண்ட பெயரின் சுருக்கந்தான் விம்கோ. 2021-ம் ஆண்டில் மெட்ரோ ரயிலும் அங்கே வந்து சேர்ந்துவிட்டது. அந்த ரயிலேறித்தான் என் சிநேகிதியைப் பார்க்கப் போயிருந்தேன்.

காப்பி டம்ளரை இடக் கையால் நீட்டினாள்.

"இதென்னடி புது வழக்கம்?" என்றேன்.

தயங்கியபடியே வலக் கை வளையல்களை மேலே தள்ளிக் காட்டினாள். மணிக்கட்டின் மேற்புறத்தில் கோலிக்குண்டு போல் ஒரு வீக்கம்!

"மூன்று மாதமாக இருக்கிறது. புற்றுநோயோ என்னவோ என்று ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. அவரிடம்கூடச் சொல்லவில்லை" என்றாள். கண்கள் தளும்பின. அடுத்த வீட்டு ஆயாவிடம் மட்டும் காட்டினாளாம். "கனமான புஸ்தகத்தால் ஓங்கி ஒரு போடு போடு, அமுங்கிடும்" என்றாராம் அவர்!

மறுநாளே இருவரும் டாக்டரிடம் போனோம். அவர் விரலால் அழுத்திப் பார்த்தார்; சிறிய டார்ச் விளக்கை வீக்கத்தின் பக்கவாட்டில் வைத்தார். உள்ளே வெளிச்சம் ஊடுருவியது. சிரித்துக்கொண்டே, "புற்றுநோய் இல்லை அம்மா, இது கேங்க்லியான்" என்றார்.

அது என்ன கேங்க்லியான்? மூட்டுகளையும் தசைநாண்களையும் வழவழப்பாக வைத்திருக்க உடம்பில் ஒரு திரவம் உண்டு. அந்த மூட்டின் உறையிலிருந்தோ, தசைநாணின் உறையிலிருந்தோ பலூன் போல் ஒரு பை கிளம்புகிறது. உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி போல் கெட்டியான திரவம் நிறைகிறது. ஏன் கிளம்புகிறது என்பதற்குத் திட்டவட்டமான காரணம் கிடையாது. 20 முதல் 40 வயதுக்குள் அதிகம் வரும். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம்.

சிகிச்சை? வலி இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடலாம். ஏறக்குறையப் பாதிப் பேருக்குத் தானாகவே மறைந்துவிடுகிறது. வலித்தால் சில நாள் மணிக்கட்டுப் பட்டை அணிந்து கைக்கு ஓய்வு கொடுக்கலாம். ஊசியால் திரவத்தை உறிஞ்சி எடுப்பதும் உண்டு. ஆனால் பையும் அதன் காம்பும் உள்ளேயே இருப்பதால் பலருக்குத் திரும்ப வரும். அறுவைச் சிகிச்சையில் காம்போடு அகற்றுகிறார்கள். அதன் பிறகும் சிலருக்கு மீண்டும் தலைகாட்டலாம்.

புஸ்தக வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்! பை உடைந்தாலும் திரும்ப வரும். கை எலும்பு முறிந்தால் என்ன செய்வது? வீட்டில் ஊசியால் குத்தினால் சீழ் பிடிக்கும். நாடி பார்க்கும் பக்கத்தில் வந்த கட்டிக்கு அருகிலேயே ரத்தக் குழாய் ஓடுகிறது. அங்கே இன்னும் ஜாக்கிரதை தேவை.

விரல் மரத்தாலோ, பிடி தளர்ந்தாலோ, கட்டி வேகமாகப் பெருத்தாலோ, சிவந்து சுட்டாலோ தாமதிக்கக் கூடாது. வட சென்னைக்காரர்கள் தொலைதூரம் அலைய வேண்டியதும் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனையில் 1971-ல் டாக்டர் ஆர். வெங்கடசாமி தொடங்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு, இன்று கைக்கென்றே தனி நிலையமாக வளர்ந்து நிற்கிறது.

என் சிநேகிதிக்கு இப்போதைக்குச் சிகிச்சையே வேண்டாம் என்றுவிட்டார் டாக்டர். கட்டி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. போனது பயம் மட்டுமே. வீடு திரும்பியதும் வலக் கையாலேயே காப்பி கொடுத்தாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள். ஆனாலும் அது தித்தித்தது!